மாதக் கடைசி மண்டகப்படி

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகிற ரோட்டில் ஒரு போலீஸ் ஸ்டேஷன் உண்டு. பெயர் வேண்டாம். சொன்னால் சொன்னவன் பெயரில் ஒரு கேஸ் எழுத அவர்களுக்கு அதிக நேரம் ஆகாது. அதுவும் மாதக் கடைசியாக இருந்துவிட்டால், வந்ததற்கு நன்றி சொல்லி, நாற்காலி போட்டு உட்கார வைத்தே எழுதுவார்கள்.

அந்த ஸ்டேஷனுக்கு இருந்த ஒரே குறை, அதன் எல்லைக்குள் குற்றம் போதவில்லை என்பதுதான். நூல் மில்லுக்குப் போகிறவர்களுக்கு ஷிப்டு முடிந்து வந்தால் படுத்துத் தூங்க மட்டும்தான் தெம்பு மிச்சம் இருந்தது. தக்காளி போட்டிருந்தவர்கள் விலை விழுந்த கவலையில் இருந்தார்கள். சண்டை போடுவதற்கும் மனசில் கொஞ்சம் சந்தோஷம் வேண்டியிருக்கிறது. ஆனால் மேலிடத்துக்கு மாதாமாதம் இத்தனை பெட்டி கேஸ் என்று காட்டியாக வேண்டும். பெட்டி கேஸ் என்றால் சில்லறைக் கேஸ். குடித்துவிட்டுக் கூச்சல் போட்டது, ரோட்டோரம் ஒதுங்கியது, பஸ் ஸ்டாண்டில் காரணம் இல்லாமல் நின்றது. போன மாதத்தைவிட இந்த மாதம் குறைந்தால், ஊர் திருந்திவிட்டது என்று மேலிடம் மகிழாது. ஸ்டேஷன் தூங்குகிறது என்று மெமோ வரும்.

இதற்காக ஸ்டேஷனுக்கு எதிர்த்தாற்போல் இருந்த கடைத்தெருவில் ஒரு முறை ஏற்பட்டிருந்தது. கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒருத்தர் மண்டகப்படி ஏற்பதில்லையா, அந்த மாதிரி மாதக் கடைசியில் கடைக்காரர்கள் முறை வைத்துக் குற்றவாளியாகப் போய் வருவார்கள். ரைட்டர் ஏட்டு உடையப்பன் சாயங்காலம் தெருவில் நடந்து வந்து, யார் யார் முறை என்று சொல்லிவிட்டுப் போவார். அபராதத்தை ஸ்டேஷனே பார்த்துக்கொள்ளும். கோர்ட் வாசலில் டீயும் வடையும் உண்டு. மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வீட்டுக்கு வந்துவிடலாம். மறுத்தால் கடை முன்னால் நிற்கிற சைக்கிள், வெளியே தள்ளிப் போட்ட பெஞ்சு, வாசல் பந்தல் எல்லாம் சட்டவிரோதம் ஆகிவிடும் என்பதால் யாரும் மறுத்ததில்லை.

தெருவில் இதற்குப் பல பெயர். 'கேஸ் குடுக்குறது' என்பார் மளிகைக் கடை பொம்மையன், ஏதோ ரத்தம் கொடுத்துவிட்டு வந்த மாதிரி. 'ஆமாம் போட்டுட்டு வாறது' என்பான் பஞ்சர் கடை நைனா முகமது. ஸ்டேஷனில் அதற்குப் பெயர் 'ஒத்துழைப்பு'. தண்டனை என்ற சொல்லை யாரும் வாயில் எடுத்ததில்லை. தண்டனை என்றால் களி திங்கிறது, கம்பி எண்ணுறது, மாமியார் வீட்டுக்குப் போறது. அதெல்லாம் கொலைகாரனுக்கும் கொள்ளைக்காரனுக்கும். தாங்கள் செய்வது அக்கம்பக்கத்துக்கு ஒரு உபகாரம் என்றுதான் தெரு நினைத்துக்கொண்டிருந்தது.

அந்தத் தெருவில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவன் சகாயராஜ். இரண்டு கூம்பு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபையர், சீரியல் பல்பு கொஞ்சம். சடங்கு வீட்டுக்கும் மாதா கோயில் சப்பரத்துக்கும் கந்தூரிக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் ஒரே செட்தான், கேசட் மட்டும் மாறும். பிறந்ததிலிருந்து சாராயத்தை மோந்து பார்த்தவன் கூட இல்லை. அவனுடைய அப்பா குடித்தே செத்தவர். அந்த வாசனை வந்தாலே அவனுக்குக் குமட்டும்.

அவன் முறை வந்தபோதெல்லாம் உடையப்பன் முந்தின நாளே வந்து சொல்லிவிடுவார்.

"அப்பு, நாளைக்கு உன் முறை. காலையில வெள்ளைச் சட்டை போட்டுட்டு வந்துரு."

"குடிச்சிட்டு ரோட்டுல உருண்டவன் வெள்ளைச் சட்டையா ஏட்டய்யா போட்டிருப்பான்?"

"கோர்ட்டுக்குன்னு ஒரு மரியாதை வேணாமாப்பா?"

கோர்ட்டில் எல்லோருடைய குற்றமும் ஒன்றுதான். குடிபோதையில், பொது இடத்தில், ஆபாச வார்த்தைகளால் ஏசி, போவோர் வருவோரை வழிமறித்து, பொது அமைதிக்குப் பங்கம் விளைவித்தார். பெயர் மட்டும்தான் மாறும். மாஜிஸ்திரேட் களைத்துப்போன மனிதர். அவருக்கும் மேலிடம் உண்டு, அவரும் மாதத்துக்கு இத்தனை வழக்கு முடித்ததாகக் காட்ட வேண்டும். நிமிர்ந்து பார்க்காமலே கேட்பார்.

"குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?"

மற்றவர்கள் முனகுவார்கள். சகாயராஜ் மைக் டெஸ்டிங் சொல்லிப் பழகியவன். நெஞ்சை நிமிர்த்தி, "ஆமாங்கய்யா!" என்பான். கடைசி பெஞ்சு வரை கேட்கும். ஒருமுறை மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்து, "இப்படி இருக்கணும்" என்று மற்றவர்களுக்குச் சொன்னார். சகாயராஜுக்கு அதில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

இப்படி நாலு தடவை ஆமாம் போட்ட பிறகுதான் எம்ப்ளாய்மென்ட் ஆபீசிலிருந்து கார்டு வந்தது.

ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்துவிட்டுப் பதிந்து வைத்தபோது அவனுக்கு மீசை சரியாக அரும்பவில்லை. கார்டு வந்தபோது மீசையில் நரை. மின்வாரியத்தில் உதவியாளர் வேலை. இன்டர்வியூவில் கம்பத்தில் ஏறச் சொன்னார்கள். தென்னை மரத்திலும் தேர் உச்சியிலும் ஸ்பீக்கர் கட்டியவன், மளமளவென்று ஏறி இறங்கினான். வேலை உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். அவன் பெண்டாட்டி அறிவுச்செல்வி அன்றைக்குச் சோறு வடிக்கும்போது கூட சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நல்ல முகூர்த்தம் இருந்தால்தான் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம், ஆடி மாதமும் மார்கழி மாதமும் ரசம் என்று ஓட்டியவள் அவள்.

"மாசம் பூராச் சம்பளம் வரும்ல? மழை பெஞ்சாலும் வரும்ல?" என்று கேட்டாள்.

"புயலடிச்சா இன்னும் நல்லது. ஓவர்டைம் வரும்" என்றான்.

போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. அதுவும் நம்ம ஸ்டேஷன்தானே என்று சகாயராஜ் நிம்மதியாக இருந்தான். உடையப்பன் வீட்டுக்கே வந்து, காபி குடித்து, "உனக்கு எழுதாம யாருக்கு எழுதப் போறேன்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். சொன்னபடியே மனசாரத்தான் எழுதினார். 'மிகவும் ஒழுக்கமானவர். குடிப்பழக்கம் அறவே இல்லாதவர். காவல்துறைக்குப் பெரிதும் ஒத்துழைப்பவர்' என்று எழுதி, அதற்கு அடுத்தபடியாக, 'குடித்துவிட்டுக் கலாட்டா செய்ததற்காக நான்கு முறை தண்டனை பெற்றவர்' என்றும் எழுதி அனுப்பினார்.

மின்வாரிய ஆபீசில் சூப்பரின்டெண்டென்ட் மணிமேகலை அதை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மூன்றாம் முறையும் படித்தார்.

"சார், குடிக்கவே மாட்டீங்க, குடிச்சிட்டு நாலு தடவை தண்டனையும் வாங்கிருக்கீங்க. இதுல நான் எதை நம்புறது?"

சகாயராஜ் முறை வைத்துப் போகிற கதையைச் சொன்னான். அந்தம்மா பொறுமையாகக் கேட்டார். கெட்டவர் இல்லை.

"நான் நம்புறேன் சார். ஆனா நம்புறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லையே. தண்டனை வாங்கின ஆளைச் சேர்க்கக் கூடாதுன்னு விதி. நீங்க குத்தவாளி இல்லைன்னு உங்க ஸ்டேஷன்லயே எழுதி வாங்கிட்டு வந்திருங்க. இந்த மாசக் கடைசி வரைக்கும் வச்சிருப்பேன். அதுக்கு மேல அடுத்த ஆளுக்குப் போயிரும். உங்க வயசுக்கு இன்னொரு கார்டு வராது, பாத்துக்கங்க."

அவன் நேரே உடையப்பனிடம் போனான். "என்ன ஏட்டய்யா, இப்படிப் பண்ணிட்டீங்களே?"

உடையப்பன் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "நான் என்னப்பா பண்ணட்டும்? தண்டனை உண்டான்னு கேட்டிருக்கான். இல்லைன்னு எழுதுனா பொய்யில்ல? பொய் எழுதி மாட்டுனா என் வேலை போயிரும் அப்பு."

இத்தனை வருடமாக அந்த ஸ்டேஷனில் எழுதப்பட்ட முதல் உண்மை தன் தலையில்தானா விடிய வேண்டும் என்று சகாயராஜ் நினைத்துக்கொண்டான்.

விஷயம் தெருவில் கசிந்தது. இதுவரை உபகாரமாக இருந்தது ஒரே வாரத்தில் வேறாகிவிட்டது. தன் பெயரிலும் தண்டனை இருப்பதை மறந்துவிட்டு, "நாலு கேஸ்ல கன்விக்டு ஆனவனாம்ல" என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். ஒரு சடங்கு வீட்டுக்காரர், குடிகாரனிடம் மைக் செட் எதுக்கு என்று அட்வான்சைத் திருப்பி வாங்கிப்போனார். ரெட்டியார்சத்திரத்திலிருந்து அறிவுச்செல்வியின் அண்ணன் பொன்னுத்துரை பஸ் ஏறி வந்து, தண்ணி கூட வாங்கிக் குடிக்காமல், "தங்கச்சி, அடிக்கிறாரா?" என்று கேட்டார். சகாயராஜ் அப்போது உள்ளே ஆம்ப்ளிஃபையரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்தக் கேள்வி அவனுக்கு நாலு தண்டனையும் வலிக்காத இடத்தில் வலித்தது.

வேறு வழியில்லாமல் இன்ஸ்பெக்டரையே பார்க்கப் போனான். இன்ஸ்பெக்டர் பழனிக்குமாருக்குத் தொப்பம்பட்டிப் பக்கம். லாக்கப்பில் அடிக்கும்போது கூட 'ங்க' போட்டுத்தான் அடிப்பார் என்று பேர்.

"வாங்க சகாயராஜ், உக்காருங்க. உங்களை மாதிரி ஒரு குத்தவாளி கிடைச்சதுக்கு இந்த ஸ்டேஷன் குடுத்து வெச்சிருக்கோணுங்க."

"அய்யா, நான் ஒரு குத்தமும் செய்யலைன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியாம இருக்குமுங்களா? எங்க ஸ்டேஷன்ல தண்டனை வாங்குன ஒருத்தரும் குத்தம் செஞ்சவங்க இல்லீங்க. குத்தம் செஞ்சவனைப் புடிச்சா என்ன ஆகும்னு சொல்லுங்க? வக்கீல் வெப்பான். சாட்சி மாத்திச் சொல்லுவான். கேஸு தோத்துப் போயிருமுங்க. அப்புறம் எங்க இருந்துங்க நூத்துக்கு நூறு வரும்?"

"நூத்துக்கு நூறா?"

"இந்த வருசம் போட்ட கேஸு அத்தனைக்கும் தண்டனைங்க. ஜில்லாவுலயே நாமதான் முதல். மாசக் கடைசியில விழா வெச்சுக் கேடயம் குடுக்கறாங்க. மைக் செட்டு நீங்கதான் போடோணும், சொல்லிட்டேன்."

"அய்யா, நான் குத்தவாளி இல்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா..."

இன்ஸ்பெக்டர் பதறிப்போனார். "ஏனுங்க, அப்படி எழுதினா நாங்க பொய்க் கேஸு போட்டமுன்னு ஆகாதுங்களா? நாலு போனா நூத்துக்கு நூறும் போயிருமுங்க. குத்தவாளி இல்லைன்னு எழுத வழியே இல்லீங்க. வேணுமுன்னா, திருந்திட்டீங்கன்னு எழுதலாம்."

"நான் எதுலருந்துய்யா திருந்துறது?"

"அதைத்தான் கோர்ட்டே நாலு தடவை சொல்லியிருக்குதுங்களே."

திருந்தியவர்களுக்கு விழா மேடையிலேயே பெரிய அதிகாரி கையால் சான்றிதழ் கொடுக்கிற திட்டம் அந்த வருடம்தான் வந்திருந்தது. மணிமேகலையைக் கேட்டதில், மேடையில் வாங்கினால் விதிவிலக்காகச் சேர்த்துக்கொள்ளலாம், டாக்டர் கடிதமும் இருக்கட்டும் என்றார். ஆக, குடிக்காத சகாயராஜ் குடியை விடுவதற்கு ரெட்டியார்சத்திரத்தில் நடந்த மறுவாழ்வு முகாமுக்குப் போனான்.

டாக்டர் ஆனந்த்ராஜ் அவன் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"எத்தனை வருசமாக் குடிக்கிறீங்க?"

"குடிச்சதே இல்லைங்க டாக்டர்."

"இப்படித்தான் எல்லாரும் ஆரம்பிப்பாங்க. குணமாகுறதுக்கு முதல் படியே ஒத்துக்கிறதுதான். ஒத்துக்கிட்டா லெட்டர். இல்லேன்னா அடுத்த மாசம் வாங்க."

சகாயராஜ் நெஞ்சை நிமிர்த்தினான். "ஆமாங்கய்யா!"

டாக்டருக்கு மகிழ்ச்சி. ஆனால் லெட்டருக்கு முன்னால், எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அவரவர் குடித்துச் சீரழிந்த கதையைச் சொல்லி அழ வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. சகாயராஜிடம் கதை ஏதும் இல்லை. ஒருமுறை கேப்பைக் கூழ் புளித்துத் தலை சுற்றியதைச் சொன்னான். வட்டத்தில் யாரும் அழவில்லை. கடைசியில் உண்மையான குடிகாரர்கள் அவன்மேல் இரக்கப்பட்டு ஆளுக்கொரு கதை இரவல் கொடுத்தார்கள். அதில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, திருப்பித் திருப்பிச் சொல்லிப் பழகிக்கொண்டான். லெட்டர் கிடைத்தது.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில். காலையிலேயே வந்து ஸ்பீக்கர் கட்டினான். ஒன்று மண்டபத்துக்குள், ஒன்று சந்தையைப் பார்த்து வெளியே. பெரிய அதிகாரி வந்து குத்துவிளக்கு ஏற்றிவிட்டுப் பேசினார்.

"பல ஸ்டேஷன்களில் குற்றம் நடக்கிறது, தண்டனை கிடைப்பதில்லை. ஆனால் இங்கே பாருங்கள், குற்றமே நடக்கவில்லை, நூற்றுக்கு நூறு தண்டனை! இதைவிடச் சாதனை என்ன இருக்க முடியும்? இந்த ஊர் மக்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். குற்றம் செய்தாயா என்று கேட்டால் இல்லை என்று எதிர்த்துப் பேசுகிற பழக்கமே இவர்களிடம் கிடையாது. இப்படிப்பட்ட நல்லவர்கள் இருக்கிற வரை குற்றவாளிகளுக்குப் பஞ்சம் வராது என்று உறுதியளிக்கிறேன்."

கைதட்டினார்கள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. இன்ஸ்பெக்டர் கேடயத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்து திருந்தியவர் சகாயராஜ் தன் அனுபவத்தைச் சொல்வார், அதன்பின் சான்றிதழ் என்று அறிவித்தார்கள்.

பெண்கள் வரிசையில் அறிவுச்செல்வி கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சான்றிதழைக் கையோடு வாங்கிக்கொண்டு மணிமேகலையிடம் ஓட வேண்டும். அன்றைக்குத்தான் கடைசி நாள்.

சகாயராஜ் இரவல் கதையை ஆரம்பித்தான். சம்பளத்தைக் குடித்தேன் என்றான். சாக்கடையில் விழுந்து கிடந்தேன் என்றான். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கதையில் அடுத்த வரி, பெண்டாட்டியை அடித்துப் பல்லை உடைத்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தவன், அறிவுச்செல்வி தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டான். தன்னைப் பற்றி என்ன பொய்யும் அவனால் சொல்ல முடிந்தது, பழகிவிட்டது. இதைச் சொன்னால் அந்த வரிசையில் இருக்கிற அத்தனை பெண்களும் திரும்பி அவள் வாயைப் பார்ப்பார்கள். அவனால் முடியவில்லை.

"நான் அவளை அடிச்சதில்லை" என்றான். மண்டபம் புரியாமல் பார்த்தது. "நான் குடிச்சதும் இல்லை. மாசக் கடைசியில கேஸ் பத்தலைன்னு ஏட்டய்யா கூப்பிட்டார், போனேன். நாலு தடவையும் அப்படித்தான் போனேன். எங்க தெருவுல எல்லாரும் அப்படித்தான் போறோம். அய்யா வாங்குன கேடயம் நாங்க குடுத்தது."

வெளியே கட்டியிருந்த கூம்பு அதைச் சந்தை முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. முருங்கைக்காய்க்காரர்கள் தராசை இறக்கிவிட்டு நின்றார்கள். உடையப்பன் மேடைக்குக் கீழே நின்று, மைக்கை நிறுத்து நிறுத்து என்று கையை ஆட்டினார். நிறுத்தத் தெரிந்த ஒரே ஆள் பேசிக்கொண்டிருந்தான்.

"வாங்க சகாயராஜ், போலாமுங்க" என்று இன்ஸ்பெக்டர் மரியாதையாகவே கையைப் பிடித்து இறக்கினார்.

அரசு ஊழியர்களைப் பணி செய்யவிடாமல் தடுத்தது, பொது அமைதிக்குப் பங்கம் விளைவித்தது. இந்தத் தடவை பெட்டி கேஸ் இல்லை, பெரிய செக்‌ஷன். அன்று சாயங்காலமே மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள். அவர் வழக்கம்போல் நிமிராமல் கேட்டார்.

"குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?"

"இல்லீங்கய்யா!"

மாஜிஸ்திரேட் நிமிர்ந்தார். டபேதார் திரும்பிப் பார்த்தார். டைப் அடிக்கிற சத்தம் நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"இல்லீங்கய்யா."

"ஏப்பா, நீ நல்லாச் சொல்லிக்கிட்டிருந்த ஆளாச்சே" என்றார் மாஜிஸ்திரேட், மனசு விட்டுப்போய். "ஒத்துக்கிட்டா இப்பவே வீட்டுக்குப் போயிரலாம். இல்லைன்னா விசாரிக்கணும், சாட்சி வரணும், எத்தனை வருசம் ஆகுமோ. அதுவரைக்கும் ஜாமீனுக்கு ரெண்டு பேர் வேணும். சொந்த வீடு இருக்கணும், பேர்ல தண்டனை ஏதும் இருக்கக் கூடாது."

சகாயராஜ் திரும்பிப் பார்த்தான். சேதி கேட்டுத் தெருவே வந்து நின்றது. ஏசியவர்களும் வந்திருந்தார்கள். பொம்மையன் கையில் வீட்டு வரி ரசீதோடு முன்னால் வந்தார். உடையப்பன் குனிந்து மாஜிஸ்திரேட் காதில் ஏதோ சொன்னார். பொம்மையன் பேரில் தண்டனை இருந்தது. சைக்கிள் கடைக்காரர் வந்தார். அவர் பேரிலும் இருந்தது. சலூன்காரர், பாத்திரக் கடைக்காரர் என்று ஒவ்வொருவராக வந்து ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். உடையப்பன் ஒருவர் விஷயத்திலும் பொய் சொல்லவில்லை.

கடைசியில் நைனா முகமது வந்தான். "நான் நிக்கிறேன்ய்யா. சின்ன வயசுலருந்து கூட்டாளி."

"உனக்கு எத்தனை தண்டனை?"

நைனா விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். அவனுக்கே கணக்குத் தெரியவில்லை. "அதெல்லாம் ஒரு தண்டனையாய்யா, சும்மா ஆமாம் போட்டதுதானே?" என்றான்.

"எனக்குத் தெரியும்ப்பா" என்றார் மாஜிஸ்திரேட். "ஆனா எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தானே."

சொந்த வீடு இருந்த ஆம்பளை ஒருத்தன் பாக்கி இல்லாமல் அந்தத் தெருவில் குற்றவாளி. பெண்கள் பேரில் வீடு கிடையாது. நாலு தடவை தண்டனை வாங்கிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பியவன், இல்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னதற்காகச் சப்-ஜெயிலுக்குப் போனான்.

உள்ளே சோறும் சாம்பாரும்தான் போட்டார்கள், களி இல்லை. ஆடு திருடி வந்த ஒருத்தன், "எத்தனை கேஸு?" என்று விசாரித்தான். நாலு தண்டனை, உள்ளே வருவது இதுதான் முதல் தடவை என்றான் சகாயராஜ். "அப்ப இந்தக் கேஸு?" "இதுல இன்னும் தண்டனை இல்லை. அதான் உள்ள இருக்கேன்." ஆட்டுத் திருடன் நெடுநேரம் யோசித்துவிட்டு, தன் போர்வையில் பாதியை அவனுக்குக் கொடுத்தான்.

அறிவுச்செல்வி ரெட்டியார்சத்திரம் போனாள். குடிகாரனுக்கு ஜாமீன் நிற்க மாட்டேன் என்ற பொன்னுத்துரையின் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். "அவர் அடிச்சதா மேடையில ஒரு வார்த்தை சொல்லிருந்தா இந்நேரம் கவர்மெண்டு உத்தியோகம்ணே. என்னைய அப்படிச் சொல்ல மனசு வராம உள்ள போயிருக்காரு. நீ வரலைன்னா நான் இங்கயே கெடக்குறேன்" என்றாள். பொன்னுத்துரை சட்டையை மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

சகாயராஜ் வெளியே வந்தபோது மாதம் பிறந்துவிட்டது. மின்வாரிய ஆபீசுக்குப் போனான். மணிமேகலை எழுந்து நின்றே பேசினார். கடைசி நாள் சாயங்காலம் ஆபீஸ் பூட்டுகிற வரை அவனுக்காக வைத்திருந்ததாகவும், அப்புறம்தான் அடுத்த ஆளைக் கூப்பிட்டதாகவும் சொன்னார். அவன் தலையாட்டிவிட்டு வந்தான். அறிவுச்செல்வி ரசம் வைத்தாள்.

தெருவில் அவனை யாரும் ஜெயிலுக்குப் போய் வந்தவன் என்று சொல்லவில்லை. "ஊருக்குப் போயிருந்தாப்ல" என்றார்கள். நைனா மட்டும் சகாயராஜ் கடை வழியாகப் போகாமல் சுற்றிப் போனான்.

அடுத்த மாதக் கடைசியில் வாய்தா. கோர்ட் பெஞ்சில் அந்த மாத மண்டகப்படிக்காரர்கள் வெள்ளைச் சட்டையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நைனாவும் இருந்தான், பொம்மையனும் இருந்தார். உடையப்பன் சகாயராஜ் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார்.

"வேலைதான் போயிருச்சுல்ல அப்பு. இனி என்னத்துக்கு வீம்பு? ஒரு ஆமாம் போட்டுட்டுப் போயிட்டே இரு. எத்தனை வருசம் மாசாமாசம் இங்க வந்து நிப்ப?"

அவர் சொன்னது நியாயம்தான். சகாயராஜுக்கு அலுத்துப்போயிருந்தது. கூண்டில் ஏறினான். கேட்டார்கள்.

"இல்லீங்கய்யா" என்றான். இந்தத் தடவை மைக் குரல் வரவில்லை, சாதாரணமாகத்தான் வந்தது. மாஜிஸ்திரேட் தேதி போட்டார்.

"நைனா முகமது, நைனா முகமது, நைனா முகமது" என்று டபேதார் கூப்பிட்டார். குடிபோதையில், பொது இடத்தில் என்று வாசித்தார்கள்.

"ஒத்துக்கிறீங்களா?"

"இல்லீங்கய்யா."

உடையப்பன் பாதி எழுந்துவிட்டார். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். "உனக்கு என்னப்பா வந்தது?"

"என் கூட்டாளி உள்ள போறப்ப ஜாமீன் நிக்கிறதுக்கு எங்க தெருவுல ஒரு ஆள் இல்லய்யா" என்றான் நைனா. "வீடு இருக்கு, ரசீது இருக்கு, மனசு இருக்கு, ஆனா நான் லாயக்கில்லைன்னுட்டீக. வாயில்லாத பிராணி மாதிரி ஆமாம் ஆமாம்னு சொல்லிச் சொல்லி அப்படி ஆயிப்போனேன். இனி எத்தனை தடவை வேணா வரச் சொல்லுங்க, வாரேன். ஆமாம் மட்டும் வராதுய்யா."

மாஜிஸ்திரேட் அவனைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் இருந்த வெள்ளைச் சட்டைகளைப் பார்த்தார். யாரும் தலை குனியவில்லை.

"அடுத்த ஆள்" என்றார்.

பொம்மையன் எழுந்தார். கேட்கிறதுக்கு முன்னாலேயே, "இல்லீங்கய்யா" என்றார்.

மாஜிஸ்திரேட் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் முகத்தில் இருந்தது கோபமா நிம்மதியா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"ஏட்டு, இந்த மாசத்துக்கு இனி என்ன செய்யப் போறீங்க?"

உடையப்பன், குற்றவாளிகள் உட்காரும் பெஞ்சில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தார். நைனா கூண்டிலிருந்து இறங்கி வந்து சகாயராஜின் தோளில் கையைப் போட்டான். சகாயராஜுக்கு அப்போதுதான், வேலை போன அன்றைக்குக் கூட வராத அழுகை வந்தது. அவன் கண்ணைத் துடைக்கவில்லை.